ஒரு சைக்கிள், மூன்று பாதைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடிக் காண்பது அரிது. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகிவிட்ட இந்நாளிலும், காலை ஏழு மணிக்கு ஏதேனும் ஓர் ஒழுங்கை முகப்பில் நின்று பார்ப்போமாயின், வெள்ளைச் சீருடை அணிந்த மாணவ மாணவியர் அணியணியாகச் சைக்கிளிற் செல்லும் காட்சியைக் காணலாம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் எரிபொருள் கிடைக்காதிருந்த காலத்தில், விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளின் கரியரிலேயே ஊர்விட்டு ஊர் சென்றதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம்.

இத்துணை நெருங்கிய துணையாயினும், அதன் கால்களைப் பற்றி நாம் எண்ணுவது குறைவே. புதிய சைக்கிள் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம்; மணியை அடித்துப் பார்க்கிறோம்; எத்தனை கியர் என்று எண்ணுகிறோம். ரயர் மட்டும் கடைக்காரர் எதைப் பூட்டித் தருகிறாரோ அதுவே. தேய்ந்தபின் மாற்றும்போதும், "உள்ளதிலே உரமானதாகப் பார்த்துத் தாருங்கள்" என்பதோடு நமது ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. நாமும் அவ்வாறு இருந்தவரே. அதனால் நேர்ந்த ஒரு சிறு விபத்தே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நமது தங்கையின் மகள் வடமராட்சிக் கிழக்கிற் கடலை அண்டிய ஊரொன்றில் வசிப்பவள்; உயர்தர வகுப்பு மாணவி. அவள் நாள்தோறும் செல்லும் பாதை ஏழு கிலோமீற்றர். வீட்டுப் படலையைத் தாண்டியதும் அரைக் கிலோமீற்றருக்கு வெண்மணல். அதன்பின் இரண்டு கிலோமீற்றருக்குக் கிறவல் வீதி. மாரியில் வெள்ளம் அரித்த பள்ளமும், கோடையில் உருளும் சிறு கற்களுமாக அது கிடக்கும். அப்பால் நாலரைக் கிலோமீற்றர் வழுவழுப்பான தார்வீதி. காலையில் ஒருமுறை பாடசாலைக்கு. பின்னேரம் மறுபடியும் தனியார் வகுப்புக்கு. அவள் வகுப்பு விடும் நேரத்துக்கு அவ்வூருக்குப் பஸ் இல்லை. ஆகவே சைக்கிள் நின்றால் அவளது பின்னேரப் படிப்பும் நின்றுவிடும்.

2023ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அவள் வீட்டுக்குச் சென்ற நாம், சைக்கிளின் ரயர்கள் வெடித்து வெளிறிக் கிடக்கக் கண்டு, பொங்கற் பரிசாகப் புதிய சோடி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். கடையிற் கிடந்தவற்றுள் மிகப் பெரிய புடைப்புக் கட்டைகள் உடையதைத் தெரிந்தெடுத்தோம். மலையேறுவோர் பூட்டும் ரயர் என்றார்கள். மணலுக்கும் கல்லுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும் என்பது நம் எண்ணம். காற்றைப் பொறுத்த மட்டில், "கல்லுப்போல அடித்துவிடுங்கள்" என்று நாமே சொன்னோம். பெருவிரலால் அழுத்தினால் அணுவளவும் அசையாதிருப்பதுதான் நல்ல காற்று என்று சிறுவயது முதல் நாம் நம்பி வந்தோம். பலரும் இன்றும் நம்புகிறார்கள்.

இரண்டு வாரம் சென்றது. ஒரு மாலை, வகுப்பு முடிந்து திரும்பும் வழியில், தார்வீதியை விட்டுக் கிறவலுக்குத் திரும்பும் முடக்கில் அவளது முன்சில்லு சறுக்கிற்று. முழங்கையிற் தோல் உரிந்தது, மணிக்கட்டுச் சுளுக்கிக்கொண்டது. பின்னால் வாகனம் எதுவும் வராதது நல்லூழ். செய்தி கேட்டு ஓடிச் சென்ற நம்மைத் தங்கை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணை, உங்கடை ரயரும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். இனி இவள் பின்னேர வகுப்புக்குப் போகத் தேவையில்லை."

பரீட்சைக்கு அப்போது ஓராண்டு இருந்தது. மருமகள் ஒன்றும் பேசவில்லை; கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நம்மையே பார்த்தாள். மறுநாட் காலை அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அவ்வூர்ச் சந்தியில் வேப்பமரத்தின் கீழ்ச் சைக்கிள் திருத்தும் முதியவரிடம் சென்றோம். வயது எழுபதுக்கு மேலிருக்கும். அவர் வண்டியைத் தலைகீழாகக்கூட நிறுத்தவில்லை. முன்ரயரை இரண்டு விரலால் ஒருமுறை கிள்ளிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆருடைய வேலை?"

நாம் மெல்ல ஒத்துக்கொண்டோம்.

"மணலிலை கல்லுப்போலக் காத்தடிச்சால் சைக்கிள் உழும், ஓடாது. கிறவலிலை அடிச்சால் துள்ளும். துள்ளுற சில்லு நிலத்தைப் பிடியாது. பிடிக்காத சில்லு முடக்கிலை என்ன செய்யும்?"

நான்கு வசனங்களில் அவர் சொல்லி முடித்ததை விளங்கிக்கொள்ள நாம் பல நாள் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

காற்றடைத்த ரயர் தோன்றிய கதையிலேயே இவ்வுண்மை அடங்கியிருக்கிறது. அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் பொயிட் டன்லப், தம் சிறு மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் கரடுமுரடான தெருக்களில் அதிர்ந்து வருத்துவதைக் கண்டு, 1887ஆம் ஆண்டளவில் ஒரு சோதனை செய்தார். மரத் தட்டு ஒன்றின் விளிம்பைச் சுற்றி இறப்பர்க் குழாயைப் பொருத்திக் காற்றை நிரப்பினார். அதையும், மகனது வண்டியின் பழைய சில்லையும் தமது முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சில்லு சற்றுத் தூரம் சென்று சாய்ந்தது. காற்றுச் சில்லு முற்றத்தைக் கடந்து படலைத் தூணில் மோதித் திரும்பிற்று. சுகத்துக்காகச் செய்த பொருள் வேகத்தையும் தந்தது. 1888இல் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1889இல் வில்லி ஹியூம் என்னும் வீரர் அந்த ரயரைப் பூட்டிப் பெல்பாஸ்ற்றிலும் பின்னர் இங்கிலாந்திலும் பந்தயங்களை வென்றார். ஆயினும், ரொபட் வில்லியம் தொம்சன் என்னும் வேறொரு ஸ்கொட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே குதிரை வண்டிகளுக்கெனக் காற்று ரயரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்திருந்தமை பின்னர் தெரியவந்ததால், டன்லப்பின் உரிமை நிலைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. (அந்த ரயர்களுக்கு வேண்டிய இறப்பரில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து செல்லும் காலமும் விரைவில் வந்தது. 1876இல் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளே அதற்கு முதல்.)

காற்றுச் சில்லு ஏன் விரைந்து ஓடிற்று? கட்டையான சில்லு ஒரு கல்லின்மேல் ஏறும்போது வண்டியும் அதன்மேல் இருப்பவரும் சேர்ந்து மேலெழ வேண்டும். எழும் ஒவ்வொரு முறையும் முன்னே செல்லவேண்டிய சக்தியிற் சிறிது வீணாகிறது. காற்றுச் சில்லோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. வண்டி அசையாமல் முன்னே செல்கிறது. ஆகவே காற்றை மட்டுமீறி இறுக்கும்போது, டன்லப் கண்டுபிடித்ததை அழித்துப் பழைய கட்டைச் சில்லுக்கே நாம் திரும்பிப் போகிறோம்.

இதை உணரப் பந்தய வீரருக்கே நெடுங்காலம் சென்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திற்கூட 23 மில்லிமீற்றர் அகலமான, கல்லாய் இறுகிய ரயரே வேகமானது என்று அவர்கள் எண்ணினர். அளந்து பார்த்தபின் எண்ணம் மாறி, 25, 28, 30 மில்லிமீற்றர் என்று அகலத்தைக் கூட்டிக் காற்றைக் குறைத்து வருகின்றனர். பிரான்சு நாட்டில் 1896 முதல் நடந்துவரும் பாரிஸ் - ரூபே பந்தயத்தில் ஏறக்குறைய 50 கிலோமீற்றருக்கு மேல் கருங்கல் பதித்த பழைய வீதிகள் குறுக்கிடும். மற்றப் பகுதி தார்வீதி. அங்கும் நமது மருமகளின் சிக்கலேதான்: ஒரே ரயர், இருவகைப் பாதை. கல்வீதியைத் தாங்கும் அகலத்தையும் காற்றையும் முதலிற் தீர்மானித்துக்கொண்டு, தார்வீதியிற் சிறிது இழந்தாலும் இழப்போம் என்பதே அப்பந்தயக்காரரின் வழக்கம்.

மாணவர்கள் கணக்காகவே இதைப் பார்க்கலாம். மருமகளின் எடை 48 கிலோகிராம், சைக்கிள் 17, புத்தகப் பை 5. ஆக 70. இதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சில்லில் இறங்கும். அது 42 கிலோகிராம், அதாவது 92 இறாத்தல். ரயரினுள் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் காற்று இருந்தால், 92ஐ 60ஆற் பிரிக்க, நிலத்திற் படியும் இடம் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர அங்குலம். காற்றை 30 இறாத்தலுக்குக் குறைத்தால் அதுவே மூன்று சதுர அங்குலம் ஆகிவிடும். ரயரின் தடிப்பும் சற்றுத் தாங்குமாதலால் இக்கணக்கு மிக நுட்பமானதன்று. எனினும் உண்மைக்கு அண்மையானது. மணலில் வெறுங்காலோடு நடப்பவருக்கும், கூர்க்குதிச் செருப்போடு நடப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மணல் தன்மேல் விழும் பாரத்தைப் பரந்த இடத்திலே தாங்கும். குறுகிய இடத்தில் அமிழும்.

அப்படியாயின் காற்றைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். கூடாது. காற்று மிகக் குறைந்தால், பள்ளத்தின் விளிம்பிலோ கல்லிலோ மோதும்போது ரயர் முழுதும் நசுங்கி, ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். அப்பொழுது பாம்பு தீண்டினாற்போல அருகருகே இரண்டு துளைகள் விழும். ஒட்டுப் போடும்போது துளை ஒன்றானால் முள். இரண்டானால் காற்றுக் குறைவு என்று அறிந்துகொள்ளலாம். முடக்கில் ரயர் பக்கவாட்டில் நெளிவதும், தார்வீதியில் மிதிக்க மிதிக்கக் கால் கனப்பதும் குறைந்த காற்றின் வேறு அடையாளங்கள்.

எனவே ஒரு நடுநிலை வேண்டும். அமெரிக்கச் சைக்கிள் எழுத்தாளர் பிராங் பேர்ட்டோ பல ரயர்களை அளந்து பார்த்து ஓர் எளிய வழியைச் சொன்னார். ஆள் ஏறி அமர்ந்ததும் ரயரின் உயரம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குப் பணிய வேண்டும் என்பதே அது. அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சைக்கிளைச் சுவரோரமாக நிமிர்த்திப் பிடித்து, நிலத்திலிருந்து ரிம்மின் விளிம்பு வரை அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், அதை ஓட்டுபவர் தம் புத்தகப் பையோடு ஏறி, சுவரை ஒரு கையால் மெல்லத் தொட்டபடி அமரட்டும். மறுபடியும் அளவுங்கள். ரயரின் அகலம் 50 மில்லிமீற்றரானால் வேறுபாடு ஏழு மில்லிமீற்றர் அளவிலும், 37 மில்லிமீற்றரானால் ஐந்தரை அளவிலும் இருத்தல் நன்று. முன்சில்லில் பாரம் குறைவாதலால் அங்கே காற்றும் குறைவாகவே வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு அடிப்பது நம்மவர் வழக்கம். நம் மருமகளை வீழ்த்தியது முன்சில்லின் மிகுதிக் காற்றே.

பெண்கள் சைக்கிளிலும் பழைய பெரிய சைக்கிளிலும் உள்ள வால்கட்டையில், காற்றுமானி ரயரின் உட்காற்றைச் சரிவரக் காட்டாது. அவற்றுக்கு இந்த அடிமட்ட முறையே கைகொடுக்கும். ஒருமுறை அளந்து சரிப்படுத்திய அன்று, ரயரை விரலாற் கிள்ளி அந்த இறுக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டால், மறுமுறை அடிமட்டமும் வேண்டியதில்லை. மலைச் சைக்கிள்களிற் பெரும்பாலும் மோட்டார் வண்டியின் வால்வு போன்றதே இருக்கும். அதற்கு மானி பொருந்தும். ஆனால் எண்ணெய் நிரப்பும் நிலையத்தின் இயந்திரத்தால் அதற்குக் காற்று அடிப்போர் ஒரு கணம் அடித்து நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறிய ரியூப் கண்ணிமைக்கும் பொழுதில் நிறைந்துவிடும். ரயரின் பக்கத்திற் பொறித்த அளவைப் பற்றியும் ஒரு சொல்: 65 இறாத்தல் என்று பொறித்திருந்தால், அதற்குமேல் அடிக்காதே என்பது பொருள், அவ்வளவும் அடி என்பதன்று. குறைந்த அளவும் சில ரயர்களிற் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போகலாகாது.

வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து ரியூப் வெடிக்கும் என்று அஞ்சிக் காற்றைத் திறந்து விடுவோரும் உளர். 40 இறாத்தல் காற்றுள்ள ரயர் 30 பாகை வெப்பத்திலிருந்து 50 பாகைக்குச் சூடேறினாலும் அமுக்கம் நான்கு இறாத்தல்கூட உயராது. வெயிலில் வெடிக்கும் ரயர் பெரும்பாலும் முன்னரே வெட்டுண்டதாக, அல்லது ரிம்மிற் சரிவரப் படியாததாக, அல்லது அளவு பொருந்தாததாகவே இருக்கும்.

அளவு பொருந்தாமை பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். குடும்பங்களின் பணம் வீணாவது இங்கேதான். கடைக்குச் சென்று "இருபத்தாறு ரயர் ஒன்று தாருங்கள்" என்றால் இரண்டு வேறு ரயர்கள் வரக்கூடும். பெண்கள் சைக்கிளுக்குரிய 26 × 1⅜ ரயர் பொருந்தும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். மலைச் சைக்கிளின் 26 × 1.95 பொருந்துவதோ 559 மில்லிமீற்றர். இரண்டும் இருபத்தாறே, இடையில் 31 மில்லிமீற்றர் வேறுபாடு! ஒன்று மற்றதில் ஒருபோதும் பொருந்தாது. பின்னமாக எழுதியதும் தசமமாக எழுதியதும் இங்கு வெவ்வேறு சாதி என்று கொள்ளுங்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயருக்கு ரிம் 635. 28 × 1.75 என்று எழுதியதற்கு 622. இது இன்னும் ஆபத்தானது. பதின்மூன்று மில்லிமீற்றர்தானே வேறுபாடு என்று நெம்புகோல் கொண்டு ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. இவ்வளவு குழப்பத்துக்கும் மருந்து ரயரின் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. 37-590, 40-635, 50-559 என்பதுபோல நடுவிற் கோடிட்ட இரண்டு எண்களைத் தேடுங்கள். முன்னது அகலம், பின்னது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பின்னெண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற இடமில்லை.

பின்னெண் மாறக்கூடாது; முன்னெண் சிறிது மாறலாம். மணலும் கிறவலும் மிகுந்த பாதைக்கு, வண்டி இடங்கொடுக்கும் மட்டும் அகலமானதையே தெரிக. ஆனால் மட்காட்டுக்கும் சட்டத்துக்கும் ரயருக்கும் இடையே ஒரு சின்னி விரல் நுழையும் இடமாவது இருத்தல் வேண்டும். இல்லையேல் மாரிகாலச் சேறு அங்கே அடைந்து சில்லைப் பிடித்துக்கொள்ளும். வலிகாமத்துச் செம்மண் தோட்ட வழிகளில் மழைநாளிற் சென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, நாம் தெரிந்த புடைப்புக் கட்டைகள். நனைந்த சேற்றிலும் மென்மையான மண்ணிலும் அக்கட்டைகள் புதைந்து பிடிக்கும் என்பது உண்மையே. உலர்ந்த கடற்கரை மணலிலோ பிடிப்பதற்கு எதுவுமில்லை. அங்கே கைகொடுப்பது அகலமும் குறைந்த காற்றும் மட்டுமே. தார்வீதியில் அக்கட்டைகள் தீங்கே செய்யும். நிலத்தைத் தொடும் இறப்பர் குறைகிறது. முடக்கிற் சாயும்போது ஒவ்வொரு கட்டையும் வளைந்து நெளிகிறது. ஓட்டத்தில் 'ஹும்' என்ற ஒலியோடு காலின் உழைப்பையும் தின்கிறது. பூவே இல்லாத ரயர் மழையிற் சறுக்கும் என்ற அச்சமும் சைக்கிளுக்குப் பொருந்தாது. மோட்டார்க் காரின் அகன்ற தட்டையான ரயர் வேகத்தில் நீரின்மேல் மிதக்கும். அதற்குப் பூ வேண்டும். சைக்கிள் ரயரோ ஒடுங்கியது, உருண்டது; அது செல்லும் வேகத்தில் நீரைத் தானே பிளந்துகொண்டு நிலத்தைத் தொட்டுவிடும். நனைந்த தார்வீதியிற் சறுக்க வைப்பவை வீதியில் தீட்டிய வெள்ளைக் கோடும், இரும்பு மூடியும், எண்ணெய்ப் படலமுமே. அவற்றின்மேல் எந்தப் பூவும் உதவாது.

ஆகவே கலப்புப் பாதைக்கு ஏற்றது, நடுவில் ஏறக்குறைய வழவழப்பாகவும் தோள்களிற் சிறு கட்டைகளோடும் அமைந்த ரயர். நேராகச் செல்லும்போது தார்வீதியில் நடுப்பகுதியே உருளும். கிறவலில் சற்று அமிழும்போதும் சாயும்போதும் தோள்கள் பிடிக்கும். முழுப் பாதையும் தார்வீதியானவர்களுக்கு இதுவும் வேண்டியதில்லை. நெடுந்தீவு போன்ற இடங்களிற் கல்லில் ஓட்டுவோர் பூவை விட்டுப் பக்கச்சுவரின் தடிப்பைப் பார்ப்பது நல்லது. கூர்க்கல் வெட்டுவது அங்கேதான்.

முதியவர் நமது புதிய ரயர்களைக் கழற்றியபோது நாம் கண்ட பூட்டும் முறையையும் சொல்லிவிடுவோம். ரிம்மின் உட்புறத்தைத் துணியாற் துடைத்து, கம்பிகளின் தலையை மூடும் நாடா விலகியிருக்கிறதா என்று பார்த்தார். விலகியே இருந்தது, அவ்விடத்திற் பழைய ரியூப்பின் துண்டொன்றை வளையமாக வெட்டிப் போட்டார். நீண்டு நின்ற ஒரு கம்பி நுனியை அரத்தால் அராவினார். ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிச் சென்று, நெருஞ்சி முள் ஒன்றையும், பனங்கருக்கின் கூர்த் துண்டு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். புது ரயரில், இரண்டே வாரத்தில்! முள்ளை எடுக்காமல் ரியூப்புக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் மறுநாளும் அதே இடத்திற் துளை விழும். ரயரின் பெயர் பொறித்த இடத்தை வால்கட்டைக்கு நேராக வைத்துப் பூட்டும் அவரது வழக்கம் அழகுக்காகவன்று: ரியூப்பில் துளை எங்கே என்று கண்டால், ரயரில் முள் எங்கே என்பதை உடனே அறியலாம்.

ரியூப்புக்கு முகப்பவுடரைத் தூவி, சிறிது காற்று ஊதி உருண்டையாக்கி உள்ளே வைத்தார். முறுக்கும் மடிப்பும் விழாதிருக்க அது உதவும். ரயரின் விளிம்பை வால்கட்டைக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கிக் கைகளாலேயே இருபுறமும் ஏற்றிக்கொண்டு வந்து, வால்கட்டை அருகில் முடித்தார், திருப்புளியைத் தொடவில்லை. திருப்புளி தொட்ட ரியூப்பில் பாதி, பூட்டும்போதே துளைபடுகிறது. பின்னர் அரைக் காற்று அடித்துச் சில்லைச் சுழற்றி, ரயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். ஓரிடத்தில் உள்ளே அமிழ்ந்திருந்தது. காற்றைத் திறந்து, அவ்விடத்திற் சவர்க்காரத் தண்ணீர் தடவி, மீண்டும் அடித்தபோது படிந்தது.

"உங்கடை ரயரை எறிய வேண்டாம், தம்பி. பின்னுக்குக் கிடக்கட்டும். முன்னுக்குப் பிள்ளைக்கு வேறை போடுவம்."

நாம் எதிர்மாறாக எண்ணியிருந்தோம். பாரம் பின்னாலே, மிதிக்கும் விசையும் பின்னாலே. ஆகவே நல்ல ரயர் பின்னுக்கு என்று. அவர் சொன்ன காரணம் சிந்திக்க வைத்தது. பின்சில்லு சறுக்கினால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சில்லு சறுக்கினால் நிலத்தில் விழுந்த பின்னரே தெரியும். எனவே சிறந்த ரயர் என்றும் முன்னே. பின்ரயர் விரைவில் தேயும். அது தேய்ந்ததும் முன்னதைப் பின்னே மாற்றிப் புதியதை முன்னே பூட்டினால், ஒரு ரயரின் செலவில் இரண்டும் சீராக ஓடும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு இலாபமன்று.

அவ்வாறே நடு வழவழப்பும் தோட் கட்டைகளும் உள்ள 50-559 ரயர் ஒன்று முன்சில்லுக்கு வந்தது. காற்று முன்னே 30 இறாத்தல், பின்னே 35. ஓட்டும் முறையிலும் இரண்டு மாற்றங்களை அவர் சொல்லி அனுப்பினார். தாரிலிருந்து கிறவலுக்கு இறங்குமுன், நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திரும்பும்போது பிரேக்கைத் தொடக்கூடாது. மணலில் ஹாண்டிலை இறுகப் பிடிக்காமல், முன்சில்லைத் தன் போக்கிற் சிறிது அலையவிட்டு, ஒரே சீராக மிதிக்க வேண்டும்; நின்றால் மறுபடி கிளம்ப முடியாது.

மணிக்கட்டு ஆற மூன்று வாரமாயிற்று. அதற்குள் தங்கையின் கோபம் பாதி ஆறிற்று. மீதி ஆற அவளே ஒரு நிபந்தனை விதித்தாள். மகள் அந்த முடக்கை ஒருநாள் தன் கண்முன்னே ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் மூவரும் அங்கே போனோம். முதற்சுற்றில் மருமகள் அளவுக்கு மீறி மெதுவாகத் திரும்பினாள்; இரண்டாவதிற் சீராக; மூன்றாவதில் நம்மைக் கடந்து கிறவலில் அரைக் கட்டை தூரம் சென்று திரும்பி வந்தாள். கற்கள் ரயரின் கீழே நெரியும் ஒலி கேட்டதே தவிர, வண்டி துள்ளவில்லை. தங்கை எதுவும் சொல்லாமல் வீட்டை நோக்கி நடந்தாள். திங்கட்கிழமை பின்னேரம் வகுப்புக்கு அவள் போனதாகத் தொலைபேசியில் அறிந்தோம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் பாதைமேல் ஏறிக் குவியும்போது, எந்த ரயரும் அந்த அரைக் கிலோமீற்றரை வெல்வதில்லை. அந்நாட்களில் அவள் சப்பாத்தைக் கரியரில் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறாள். பத்து நிமிடம் முந்திப் புறப்படுகிறாள்.

பின்னொரு முறை நாம் அங்கே சென்றபோது, தங்கை தன் பழைய பெண்கள் சைக்கிளில் ஏறி, ஒரு கையாற் சுவரைத் தொட்டபடி அசையாமல் அமர்ந்திருந்தாள். சந்தைக்குக் கொண்டுபோகும் பை அதன் கரியரிற் கட்டியிருந்தது. மருமகள் அடிமட்டத்தோடு பின்சில்லருகிற் குந்தியிருந்தாள்.

"மாமா, கதையாதேங்கோ," என்றாள் நிமிராமலே. "அம்மா சிரிச்சால் அளவு பிழைக்கும்."